38 வயதில் டைப் 1 நீரிழிவு என்கிறார்கள்: உடலும் மனமும் பழக எவ்வளவு காலம் ஆகும்?

கேள்வி: கோவைத் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன்; வயது 38. கடந்த ஆண்டின் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தபோது, என் அப்பாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பதால் யாருக்கும் வேறு ஐயம் எழவில்லை. டைப் 2 என்று சொல்லி மாத்திரையைத் தொடங்கினார்கள். சோற்றைக் குறைத்தேன், விடியற்காலையில் நடந்தேன், வீட்டிலுள்ளவர்கள் சொன்ன வெந்தயத்தையும் ஆவாரம்பூக் கஷாயத்தையும்கூட விட்டுவைக்கவில்லை. ஆனாலும் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போயிற்று. நானோ இளைத்துக்கொண்டே வந்தேன். ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. உடன் பணிபுரிபவர்கள் அதைப் பார்த்து, கட்டுப்பாடாக இருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள்.

அண்மையில் வேறொரு மருத்துவர் கணையத்துக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு என்னும் இரண்டு பரிசோதனைகளை எடுக்கச் சொன்னார். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை மெல்ல மெல்ல அழித்துவருகிறது என்றும், பெரியவர்களுக்கு மெதுவாக வரும் இந்த டைப் 1 வகையை ‘லாடா’ என்பார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது இரவில் நீண்டநேர இன்சுலின் ஒன்றும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் உடல் என் வசத்தில் இல்லை. கரும்பலகையில் நான் எழுதியதே எனக்கு மங்கலாகத் தெரிகிறது. மாலையில் பாதங்கள் வீங்கிவிடுகின்றன. மீட்டரில் 110 காட்டும்போதே கை நடுங்கி, வியர்த்து, எதையாவது வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. இளைத்த உடம்பு இப்போது வேகமாகப் பெருக்கிறது.

மனத்தைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ‘இந்த வயசுலயே ஊசி வரைக்கும் போயாச்சா’ என்று என் மாமியார் அழுதுவிட்டார். நோயை நான் முற்றவிட்டுவிட்டதாகவே உறவினர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பள்ளியில் மதிய உணவுக்கு முன் கழிப்பறைக்குள் சென்று கதவைத் தாழிட்டு, பேனாவைப் பல்லில் கடித்தபடி புடவையை விலக்கி ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். தூக்கத்தில் சர்க்கரை இறங்கி எழுந்திருக்காமலே போய்விடுவேனோ என்ற பயத்தில் இரவில் பலமுறை விழித்துக்கொள்கிறேன். காரணமே இல்லாமல் மகளிடம் எரிந்து விழுகிறேன். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால், உடல் எப்போது அடங்கும், மனம் எப்போது ஏற்கும் என்று சொல்லுங்கள்.


பதில்: தஞ்சை வங்கி ஊழியர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நாற்பதுகளின் தொடக்கத்தில் எனக்கும் இதே நோய், இதே வழியில்தான் வந்தது: முதலில் டைப் 2 என்றார்கள், மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன, பிறகுதான் ஆன்டிபாடி பரிசோதனை. ஆகவே உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமானது.

நீங்கள் இதை முற்றவிடவில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட விரும்புகிறேன். நம் ஊரில் சர்க்கரைக்கு முதலில் பத்தியம், பிறகு மாத்திரை, எல்லாம் கைவிட்ட பின் கடைசியில் ஊசி என்றொரு படிவரிசை எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. டைப் 2 நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து உருவான எண்ணம் அது. அவர்களுக்கே அது முழுவதும் பொருந்தாது என்பது வேறு செய்தி. நம்முடைய நோயில் குறைவது இன்சுலின்தான்; எனவே இன்சுலின்தான் இதற்கு உரிய மருந்து. நீங்கள் எத்தனை கிலோமீட்டர் நடந்திருந்தாலும், சோற்றையே தொடாமல் இருந்திருந்தாலும், உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தச் செல்களை அழிப்பதை நிறுத்தியிருக்காது. இதை உங்கள் மாமியாருக்கு யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்களே சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் கேட்பார். அடுத்த முறை செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். என் அம்மாவின் அழுகை அப்படித்தான் நின்றது.

முதலில் தவறாகக் கணிக்கப்பட்டதில் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதுவும் நியாயமே. கணையத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் 1974-லேயே கண்டறியப்பட்டுவிட்டன. டைப் 2 போலத் தோன்றும் பெரியவர்கள் சிலருடைய ரத்தத்தில் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி இருப்பதைக் கண்டு, இதற்கு லாடா என்னும் பெயர் 1993-இல் வழங்கப்பட்டது. அப்படியிருந்தும், டைப் 1 என்றால் குழந்தைகளின் நோய் என்ற எண்ணம் இன்னமும் விலகவில்லை. பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதுக்குள் மரபணு அடிப்படையிலான டைப் 1 வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு அது 30 வயதைக் கடந்த பிறகே வந்திருந்தது. அது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்ட ஆய்வு என்பதால் எண்ணிக்கையை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் வயது வந்தோருக்கு இந்நோய் வருவது அரிதினும் அரிது என்ற எண்ணத்தைத் தகர்க்க அது போதும். பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே அவர்களுக்கு 2012-இல், 56 வயதில் இது வந்தபோது, அவருக்கும் முதலில் டைப் 2 என்றே சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் அவர் ஒரு நாளில் பலமுறை இன்சுலின் போட்டுக்கொண்டே 2016 முதல் மூன்றாண்டுகள் அந்நாட்டின் பிரதமராக இருந்தார்.

மனம் எப்போது ஏற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது ஒரு நாளில் நடக்கவில்லை, நேர்க்கோட்டிலும் நடக்கவில்லை. முதல் சில மாதங்கள் நான் செய்துகொண்டிருந்தது துக்கம் அனுசரிப்பதே என்பதை வெகுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன். யோசிக்காமல் சாப்பிட உட்காரும் சுதந்திரம், வெறுங்கையோடு வீட்டை விட்டுக் கிளம்பும் இயல்பு, நாற்பது வயதுவரை நம்பியிருந்த உடம்பு ஆகியவை உண்மையாகவே போய்விட்டன. அவற்றுக்காக அழுவதில் பலவீனம் எதுவும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே ஊசியோடு வளர்ந்தவர்களைப் போல் அல்லர்; நோயில்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை நன்றாக அறிந்த பிறகு அதை இழக்கிறோம். அதனால், ‘எத்தனையோ பேர் இதைவிடக் கஷ்டத்தில் இருக்கிறார்கள்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால், அதைக் கேட்டு உங்கள் வருத்தத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இதோடு, நாள் முழுக்க எண்களைப் பார்த்து முடிவெடுப்பதால் வரும் அயர்ச்சி ஒன்று உண்டு. நீரிழிவுச் சுமை என்று மருத்துவர்கள் தனியாகவே பேசுகிறார்கள்; மனச்சோர்வு நோயிலிருந்து அது வேறானது. நோயோடு தொடர்புடைய சோர்வு, எரிச்சல், ‘எவ்வளவு செய்தும் பயனில்லையே’ என்ற சலிப்பு ஆகியவை அதில் அடங்கும். எண்கள் ஓரளவு சீரானதும், பேச ஆள் கிடைத்ததும் பெரும்பாலும் தணியும். ஆனால், நோயோடு தொடர்பில்லாதவற்றில்கூட நாட்டமே போய், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்பதுபோன்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை மருத்துவரிடமும் அதை மறைக்காதீர்கள்.


பதில்: திருச்சியிலிருந்து ஒரு செவிலியர்

சகோதரி, நான் நீரிழிவுப் பிரிவில் செவிலியராக இருந்து, இன்சுலின் தொடங்குபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பணியைச் செய்கிறேன். மனத்தைப் பற்றி மேலே உள்ள ஐயா நன்றாகவே எழுதிவிட்டார். உடலைப் பற்றி நான் சொல்கிறேன். அளவுகளை மாற்றுவது உங்கள் மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டும்.

கண் மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் விழிலென்ஸில் உள்ள நீரின் அளவு மாறுவதுதான். பல மாதங்கள் உயர்ந்திருந்த சர்க்கரை விரைவாக இறங்கும்போது லென்ஸின் வடிவம் சற்று மாறும். சில வாரங்களில் சரியாகும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்கிவிட்டால் அது பிறகு பொருந்தாது. ஆயினும், எத்தனை காலமாகச் சர்க்கரை உயர்ந்திருந்தது என்பது தெளிவாகத் தெரியாத நிலையில், விழித்திரையை ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பாதவீக்கமும் அப்படியே: இன்சுலின் தொடங்கியதும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் சற்று அதிகமாகப் பிடித்துவைக்கும், அது தானாக வடியும். மூச்சு வாங்கினாலோ வீக்கம் மேலேறினாலோ உடனே காட்டுங்கள். எடை கூடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இத்தனை மாதங்களும் நீங்கள் சாப்பிட்டது சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. உடல் தன் தசையையும் கொழுப்பையும் எரித்துத்தான் உயிரைத் தாங்கியது. இழந்ததைத் திரும்பப் பெறுகிறது. அதைத் தடுக்க இன்சுலினைக் குறைத்துப் போடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்; அந்த வழிக்கு மட்டும் போகவே போகாதீர்கள்.

110-இல் நடுங்குவது பொய்யான தாழ்சர்க்கரை. 250-க்கும் 300-க்கும் பழகிப்போன மூளை, இயல்பான அளவையே ஆபத்து என்று எண்ணி அலறுகிறது. சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிவிடும். அதுவரை, நடுங்கினால் முதலில் மீட்டரைப் பாருங்கள். 70-க்கு மேல் இருந்தால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். 70-க்குக் கீழே போனால்தான் வைத்தியம்: 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் மீண்டும் அதே அளவு. சாக்லேட்டும் பிஸ்கட்டும் அந்த நேரத்துக்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டரில் பார்க்க வழியில்லாதபோது நடுக்கம் வந்தால், தயங்காமல் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுங்கள்.

இரவுப் பயத்துக்கு வருகிறேன். படுக்கும் முன் ஒருமுறை பார்ப்பதும், தலைமாட்டில் குளுக்கோஸ் வைத்திருப்பதும் பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். வசதி இருந்தால், சர்க்கரையை இடைவிடாமல் காட்டும், மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைத் தொடக்கத்தில் சில மாதங்களாவது பயன்படுத்திப் பாருங்கள். 14 நாள் வரை ஓடும் வகைகள் இங்கே கிடைக்கின்றன. சர்க்கரை இறங்கினால் ஒலியெழுப்பும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால், தூக்கத்தைத் திரும்பக் கொடுப்பதால் அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை.

சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிகள், 100 யூனிட் உள்ள பேனாக்களும் குப்பிகளும். நூறு யூனிட் மருந்தை நாற்பதுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடும். பேனா பழுதாகும் நாளில்தான் இந்த விபத்து நேர்கிறது. ஆகவே மாற்று ஏற்பாடு என்ன என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில், பயன்பாட்டிலுள்ள பேனாவை 30 டிகிரிக்குள் வைத்திருங்கள். மின்சாரம் போனால் மண்பானைக்குள் வைப்பது நல்ல வழி. உறைந்துபோன இன்சுலினை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளிலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தாதீர்கள். சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு என்று வீட்டிலுள்ளவர்கள் அன்போடுதான் சொல்வார்கள்; அங்கேதான் கீட்டோன் அமிலத்தேக்கம், அதாவது இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து, தொடங்குகிறது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். சர்க்கரை உயர்ந்து, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்தால் நேராக மருத்துவமனைதான். உங்கள் பழைய மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை ஏதேனும் இன்னும் தொடர்கிறதா என்றும் கேளுங்கள். அவை இருந்தால் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் கூடக்கூடும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்த வகை நோயுள்ளவர்களுக்குத் தைராய்டுச் சிக்கலும் உடன் வருவது சாதாரணம்.

நீங்கள் வழக்கமாக ஊசி போடும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் குத்துபவர்களுக்கு அங்கே தோலுக்கடியில் ரப்பர்போல் ஒரு தடிப்பு தட்டுப்படும். வலிக்காது என்பதாலேயே அந்த இடம் பிடித்துப்போகும். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் சேரும், ஒரு நாள் சேராது. எண்கள் ஏன் குதிக்கின்றன என்று தெரியாமல் தவிப்பீர்கள். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். 4 மில்லிமீட்டர் ஊசி போதும். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் சர்க்கரை காரணமின்றி ஏறினால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஹார்மோன் மாற்றத்தால் பலருக்கும் அப்படி நேரும். தேதியோடு குறித்துக் காட்டினால் மருத்துவர் அளவை மாற்றித் தருவார்.


பதில்: மதுரையிலிருந்து ஒரு கணவர்

என் மனைவிக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்கள் கணவர் இதைப் படித்தால் நல்லது.

தொடக்கத்தில் நான் காவல்காரனாக நடந்துகொண்டேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தால் பார்ப்பேன். மீட்டரில் எண் ஏறினால் ‘என்ன சாப்பிட்டாய்’ என்பேன். அவர் என்னிடம் எண்களை மறைக்கத் தொடங்கினார். பிறகு மருத்துவமனையில் உணவு ஆலோசகர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, சோற்றை எடைபோடக் கற்றுக்கொடுத்தார்: வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, அதற்கு இத்தனை யூனிட் இன்சுலின். அன்று முதல் எங்கள் வீட்டில் சோறு பயப்பட வேண்டிய பொருளாக இல்லை. சமையல் மேடையில் சிறிய எடைக்கருவி இருக்கிறது. இட்லியை எங்கள் வீட்டுத் தட்டில் ஊற்றி நாங்களே நிறுத்துப் பார்த்தோம், ஏனென்றால் வீட்டுக்கு வீடு இட்லியின் அளவு மாறும். கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் இன்னமும் குத்துமதிப்புத்தான். பாயசம் எவ்வளவு இழுக்கும் என்பதை எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

‘எண் என்ன?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இன்று நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்கத் தொடங்கினேன். ஸ்ட்ரிப் வாங்குவது, மருந்துக்கடைக்குச் செல்வது, பேனா ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து அப்புறப்படுத்துவது ஆகியவை என் பொறுப்பு. மூளைக்குள் ஓடும் கணக்கை அவரிடமிருந்து நான் வாங்கிக்கொள்ள முடியாது. சுற்றியுள்ள வேலைகளையாவது வாங்கிக்கொள்ளலாம்.

கழிப்பறைக்குள் ஊசி போடுவதை நிறுத்திவிடுங்கள், அம்மா. அது சுத்தமான இடமும் இல்லை, மறைய வேண்டிய காரியமும் இல்லை. பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல், முப்பது வயதில், டைப் 1 வந்தது. அதன்பின்பும் பல ஆண்டுகள் பந்து வீசி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500-ஆவது விக்கெட்டை எடுத்தார். கிரிக்கெட் பார்ப்பவர்கள் பள்ளியில் யாராவது இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு எளிதாகத் தொடங்கும். உடன் பணிபுரிபவர்களில் ஒருவருக்காவது தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பது உங்கள் பாதுகாப்புக்கும் அவசியம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.


கேட்டவரின் மறுமொழி: கோவைத் தமிழாசிரியை

மூவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்ன இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்; தடிப்பு இருக்கிறது. இன்று தொடையில் போட்டேன். மாமியாரை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஓய்வறையில், எனக்கு நெருங்கிய தோழியிடம் முதலில் பேசியிருக்கிறேன். குளுக்கோஸ் டப்பா ஒன்றை அவர் தம்முடைய மேசையிலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்கவே பயமாக இருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது. இது அவளுக்கும் வருமா? இப்போதே ஆன்டிபாடி பரிசோதனை எடுத்துவிட வேண்டுமா?


பதில்: திருச்சியிலிருந்து ஒரு செவிலியர்

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் எல்லோருமே கடைசியாகத்தான் கேட்கிறார்கள். மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் டைப் 1 உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை, நூற்றுக்குச் சிலருக்கே வருகிறது. தந்தைக்கு இருந்தால் உள்ள வாய்ப்பைவிடத் தாய்க்கு இருந்தால் உள்ள வாய்ப்புக் குறைவு. மரபணுவில் வருவது நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மை மட்டுமே. அது இருந்தும் நோய் வராதவர்களே அதிகம். நீங்கள் கர்ப்பத்தில் சாப்பிட்ட எதுவும், அவளுக்கு ஊட்டிய எதுவும் இதற்குக் காரணமாகிவிடாது.

ஆன்டிபாடி பரிசோதனை தேவையா என்பதைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் உங்கள் நோயின் விவரங்களோடு பேசி முடிவு செய்யுங்கள். எடுத்தால் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது, பிறகு எப்படிக் கண்காணிப்பது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டரால் அவள் விரலைத் தினமும் குத்திப் பார்க்க வேண்டாம். அது உங்கள் அச்சத்தை அவளுக்குக் கடத்தும். ஆனால், தண்ணீர் அளவுக்கு மீறிக் குடிக்கிறாள், அடிக்கடி சிறுநீர் கழிக்கிறாள், விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்புகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாள் என்று கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டால், ‘அம்மாவின் உடம்பு இன்சுலின் செய்வதை நிறுத்திவிட்டது, அதனால் வெளியிலிருந்து போட்டுக்கொள்கிறேன்’ என்று அப்படியே சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது புரியும்.